நோட்டு டீச்சரின் ஆறாவது வாரம்

எனக்கு வாய் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம். இருபத்தொரு வருடமாகக் கணக்கு டீச்சர். பிள்ளைகளின் பெயர் மறந்துபோகும், வருகைப் பதிவேட்டு எண் மறக்காது. எட்டாம் வகுப்பில் பதினொன்று யார், இருபத்தெட்டு யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைதான் கடைசியில் ஒருத்தியின் தலையில் இடியாக இறங்கியது.

அந்த ஒருத்தி எங்கள் பள்ளியின் அறிவியல் டீச்சர். ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசை. நோட்டு டீச்சர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். எந்நேரமும் மார்போடு அணைத்தபடி ஒரு நோட்டு அடுக்கு, கொண்டையில் குத்திய சிவப்பு, நீலம், பச்சைப் பென்சில்கள். நடந்துகொண்டே படிப்பாள். ஒருமுறை படித்துக்கொண்டே ஆண்கள் கழிப்பறை வரை போய்விட்டாள், டிரில் மாஸ்டர் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வயது முப்பத்தாறு. டீச்சர் ஆவதற்கு முன் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு படித்துப் பட்டம் வாங்கி வேலைக்கு வந்தவள். வந்து மூன்று வருடமாகத் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆக வேண்டுமானால் ஒரு செயல் ஆராய்ச்சி செய்து, மதிப்பீட்டுக் குழு முன்னால் சமர்ப்பிக்க வேண்டும். செயல் ஆராய்ச்சி என்றால் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. உன் வகுப்பில் ஒரு சிக்கலை எடு, அதைத் தீர்க்க ஒன்றைச் செய்து பார், என்ன நடந்தது என்று அளந்து எழுது, அவ்வளவுதான். எங்களில் பாதிப் பேர் பழைய ஆராய்ச்சி ஒன்றில் வருடத்தை மாற்றிக் கொடுத்து நிரந்தரம் ஆனவர்கள். நான் அந்தப் பாதியில் இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

இவள் நிஜமாகவே செய்தாள்.

"என் வகுப்புல யாருமே கேள்வி கேக்கறதில்லக்கா. அதான் சிக்கல்" என்றாள் முதல் நாள்.

"அது சிக்கலா? வரம்மா அது" என்றேன்.

திட்டம் இது. ஆறு வாரம். தினமும் கடைசி மணியில் பத்து நிமிடம், எட்டாம் வகுப்பு முப்பத்தாறு பேரும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். இன்று எது புரிந்தது, எது புரியவில்லை, மனதில் என்ன ஓடுகிறது, எதுவானாலும். பிழை திருத்தமாட்டாள், மதிப்பெண் கிடையாது. வகுப்பில் யாராவது கேள்வி கேட்டால் வகுப்புத் தலைவி பலகை ஓரத்தில் ஒரு கோடு போடுவாள். எழுத எழுதக் கேள்வி கூடுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. நோட்டுகளைத் தைத்துக் கொடுத்தது அவள் கணவர். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவர், வெட்டி மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்தார். ஒவ்வொரு நோட்டும் ஒவ்வொரு நிறம், ஒரு நோட்டில்கூடக் கோடு கிடையாது.

அதில் ஒரு விதி வைத்தாள். "எதையாவது எழுதிட்டு நான் படிக்க வேண்டாம்னு தோணுச்சுன்னா, பக்கத்தைப் பாதியா மடிச்சிடுங்க. மடிச்ச பக்கத்தைப் பிரிக்கமாட்டேன். மடிக்காததைப் படிப்பேன், ஆனா யாரு எழுதினதுன்னு எந்தக் காலத்துலயும் வெளிய சொல்லமாட்டேன்." இதை வகுப்பில் நின்று வாக்காகக் கொடுத்தாள். வாசல் வழியாகப் போன நானே கேட்டேன்.

முதல் வாரம் நாலு கோடு. ஐந்தாம் வாரம் முப்பத்தொன்று. ஆசிரியர் அறைச் சுவரில் அவள் ஒட்டியிருந்த வரைபடம் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டு போனது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், இல்லை என்றால் பொய். என் வகுப்பில் கேள்வி என்றால் நான் கேட்பதுதான்.

அறிக்கை எழுதும்போது ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு குறியீட்டு எண் தேவைப்பட்டது, பெயர் போடக் கூடாது என்பதால். சீட்டுக் குலுக்கிப் போட்டு எண் தரப்போவதாகச் சொன்னாள்.

"உனக்கு வேற வேலை இல்ல? பதிவேட்டு எண்ணையே போட்டுட்டுப் போ. சராசரி எடுக்க, மார்க்கோட ஒப்பிட எல்லாத்துக்கும் சுலபம். பேரு இல்லல்ல, அப்புறம் என்ன?" என்றேன் நான்.

கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குள் பதிவேட்டு எண்ணும் பெயரும் ஒன்றுதான் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. வெளியாள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் குட்டிச் சொல்லியிருப்பார்.

ஆறாவது வாரத் திங்கட்கிழமை என்னிடம் வந்தாள். கையில் நாற்பது துண்டுச் சீட்டு. நோட்டுகளில் மடிக்காத பக்கங்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்துத் தட்டச்சு செய்தவை.

"நான் மட்டும் பிரிச்சா என் இஷ்டத்துக்குப் பிரிச்ச மாதிரி ஆயிடும்க்கா. இன்னொரு கண்ணும் பார்க்கணும். உணர்ச்சின்னா சிவப்பு, பாடம்னா நீலம், கேள்வின்னா பச்சை. ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு கோடு போட்டுக் குடுங்க, போதும்."

டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுவாரசியமாகத்தான் இருந்தது. 'இலைக்குப் பச்சை நிறம் என்றால் இரவில் அது என்ன நிறம்?' பச்சை. 'இன்று தம்பி என் பேனாவை உடைத்தான்.' சிவப்பு. ஒன்பதாவது சீட்டோ பத்தாவதோ, இப்படி இருந்தது:

'அந்த ஆசிரியர் வரும் நாளில் காலையிலேயே வயிறு பிசையும். சாக்பீஸால் மேசையைத் தட்டி, புரிஞ்சுதா, புரிஞ்சுதா, புரிஞ்சுதா என்று மூன்று முறை கேட்பார். இல்லை என்றால் நிற்க வைத்து எல்லாரையும் சிரிக்க வைப்பார். அதனால் தலையாட்டிவிடுவேன். தலையாட்டினால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். எனக்குப் பின்னங்கள் இன்னும் தெரியாது.'

மூலையில் எண்: 23.

டீ ஆறிப்போய்விட்டது. மேசையைத் தட்டி மூன்று முறை கேட்கிற ஆள் இந்தப் பள்ளியில் ஒருத்திதான். இருபத்து மூன்று யார் என்று யோசிக்கவே வேண்டாம். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்ச், இரட்டைப் பின்னல், கேட்டால் ஒழியப் பேசாத பெண். கேட்டாலும் தலைதான் ஆடும். அடக்கமான பிள்ளை என்று பெற்றோர் கூட்டத்தில் அவள் அப்பாவிடம் நான் புகழ்ந்துவிட்டு வந்திருந்தேன்! அவமானமா, கோபமா, என்னவென்று தெரியவில்லை, காது இரண்டும் சுட்டது. இருபத்தொரு வருடம் தொண்டை கிழியக் கத்தினதற்கு இதுதானா மரியாதை?

முப்பத்தொன்பது சீட்டில் கோடு போட்டேன். அந்த ஒன்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவள் எண்ணிப் பார்த்தாள். "ஒண்ணு குறையுதுக்கா."

"கணக்கு டீச்சருக்கே எண்ணிக் காட்டறியா?"

அவள் திரும்ப எண்ணினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எது குறைகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அந்தச் சீட்டை எடுத்துடலாம்னு ரெண்டு நாள் யோசிச்சேன். குலுக்கல்ல வந்ததை எனக்குப் பிடிக்கலன்னு எடுத்தா அப்புறம் அது ஆராய்ச்சியே இல்ல. உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா என்னைத் திட்டுங்க. யாரு எழுதினதுன்னு மட்டும் தேடாதீங்க. நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"தேடணுமா? அதான் நம்பர் போட்டிருக்கியே!"

அவள் கை அப்படியே நின்றுபோனது. கொண்டையிலிருந்து ஒரு பென்சிலை உருவினாள், மறுபடி குத்திக்கொண்டாள், மறுபடி உருவினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ" என்றாள் மெதுவாக. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தப் பொண்ணு மூணு வாரம் எல்லாப் பக்கத்தையும் மடிச்சு மடிச்சுக் குடுத்தா. நாலாவது வாரம்தான் மடிக்காம ஒரு வரி எழுதினா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க."

"எனக்கென்ன பைத்தியமா? நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றேன். அந்த நிமிடம் உண்மையாகத்தான் சொன்னேன்.

புதன்கிழமை இரண்டாம் மணி எட்டாம் வகுப்பு. பின்னங்களின் வகுத்தல். பலகையில் போட்டுக் காட்டிவிட்டு, வழக்கம்போல மேசையைத் தட்டி, "புரிஞ்சுதா, புரிஞ்சுதா..." என்று ஆரம்பித்தேன். மூன்றாவது புரிஞ்சுதா வெளியே வரவில்லை. பார்க்கிறேன், முப்பத்தாறு தலையும் ஆடுகிறது. ஜன்னலோரத் தலையும் ஆடுகிறது. எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம்.

"இருபத்து மூணு, எழுந்திரு."

எழுந்தாள்.

"வயிறு எப்படி இருக்கு இன்னைக்கு? பிசையுதா?"

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் முதலில் குழப்பம்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"தலையாட்டினா அடுத்த ஆளுக்குப் போயிடுவேன்னு எழுதத் தெரியுதுல்ல? இந்த ஒரு கணக்கைப் போடத் தெரியலையா?"

எழுத என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், வகுப்பு முழுவதும் அசைவில்லாமல் போனது. சிரித்த பையனும் வாயை மூடிக்கொண்டான். முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். நான் நடத்தி எதையும் அவர்கள் அவ்வளவு வேகமாகப் புரிந்துகொண்டதில்லை. அவள் அழவில்லை. உட்காரச் சொல்லும் வரை நின்றாள், சொன்னதும் உட்கார்ந்தாள். மணி அடித்தது.

அன்று கடைசி மணி முடிந்து நோட்டு டீச்சர் ஆசிரியர் அறைக்குள் வந்தாள். அடுக்கை என் மேசையில் வைத்தாள், அவள் மேசையில் அல்ல. முப்பத்தாறு நோட்டு. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். எல்லாவற்றிலும் அன்றைய பக்கம் பாதியாக மடித்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கலந்து பேசவும் நேரமில்லை. வகுப்புத் தலைவியின் நோட்டும் மடித்திருந்தது.

"பலகையில ஒரு கோடு இல்லக்கா. ஒருத்தர்கூடக் கேக்கல. சொல்லிட்டீங்களா?"

"சொல்லல" என்றேன். "கேட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிக் கணக்கைத் தீர்த்திருப்பேன். அவள் நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். வியாழன், வெள்ளி, இரண்டு நாளும் அதேதான். மடித்த பக்கம் முப்பத்தாறு, கேள்வி பூஜ்யம்.

அடுத்த திங்கள் குழு வருகிறது. வெள்ளி மாலை தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார். ஏதோ கையெழுத்துக்காக நானும் அங்கே நின்றேன்.

"ஏம்மா, அஞ்சு வாரம் எவ்வளவு அழகா ஏறியிருக்கு! அதோட நிறுத்திக்க. ஆறாவது வாரத்துல தேர்வு வந்துச்சு, நடத்தலன்னு ஒரு வரி போட்டுடு. யாரு வந்து பார்க்கப்போறா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவளுக்கு வேலை நிலைக்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

"சார் சொல்றது சரிதான்" என்றேன் நானும், அவசரமாக. யாருக்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

"ஆறு வாரம்னு திட்டத்துல எழுதியிருக்கேன் சார்" என்றாள் அவள்.

"மூணு வருஷம் காத்திருந்தது பாழாப்போயிடும்மா. வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

"அவர்கிட்ட சொல்லிட்டேன் சார். நோட்டு நான்தானே தச்சேன், கடைசிப் பக்கத்தைக் கிழிச்சிடவான்னு கேட்டார். வேண்டாம்னேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அறிக்கையில் என் பெயர் இருக்குமா? 'கணக்கு ஆசிரியை சீட்டைத் திருடினார்' என்று எழுதியிருப்பாளா? எழுதினால் என்ன தப்பு? எழுதட்டுமே! என்று ஒரு பக்கம் வீறாப்பு. எழுதிவிடாதே தாயே என்று மறுபக்கம்.

திங்கட்கிழமை. நூலக அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். குழுவில் மூன்று பேர், தலைமை தாங்கியவர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியை. மூக்குக் கண்ணாடியின் மேல்பக்கமாகப் பார்க்கிற வகை. ஆசிரியர்கள் நாங்கள் பின்வரிசையில்.

அவள் வரைபடத்தைத் தொங்கவிட்டாள். நாலு, ஒன்பது, பதினேழு, இருபத்து மூன்று, முப்பத்தொன்று. அப்புறம் கோடு செங்குத்தாகக் கீழே விழுந்து தரையில் கிடந்தது. தலைமை ஆசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஆறாவது வாரம் என்ன ஆச்சு?" பேராசிரியை கேட்டார்.

"புதன்கிழமை வரைக்கும் கேள்வி வந்துச்சு மேடம். புதன்கிழமை பிள்ளைங்களுக்கு என் மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு. அந்த வார எண்ணிக்கையைப் புதன்லருந்துதான் போட்டிருக்கேன், அதையும் அடிக்குறிப்புல எழுதியிருக்கேன்."

"ஏன் போச்சு?"

"குறியீட்டுக்குப் பதிவேட்டு எண்ணையே வச்சுட்டேன். பள்ளிக்குள்ள யாரு பார்த்தாலும் ஆளு தெரிஞ்சுடும். ஒரு பிள்ளை எழுதினது வெளிய வந்துடுச்சு. தப்பு ஆய்வாளரோடது, அறிக்கையில முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

"எண்ணைப் பார்த்தா மட்டும் வெளிய வந்துடாதே. யாரோ கொண்டு வந்திருக்கணும். யாரு?"

அவள் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். பின்வரிசைப் பக்கம் கண் திருப்பவே இல்லை.

"அது ஆய்வுக்கு வெளியில மேடம்."

"நிரந்தரம் ஆகிறதுக்கான சமர்ப்பிப்பு இது. பாதி பதில் சொன்னா பாதி ஆய்வுன்னுதான் நான் எழுத வேண்டியிருக்கும்."

"அப்படியே எழுதுங்க மேடம். யாரு எழுதினதுன்னு வெளிய சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்துத்தான் இந்த வேலையையே ஆரம்பிச்சேன். இதுக்கும் அதே வாக்குதான்."

என் நாற்காலி கிறீச்சிட்டது. நான் எழுந்துவிட்டேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கைப்பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தேன், ஒரு வாரத்தில் நாலாக மடிந்து கிடந்தது.

"நான்தான் மேடம். பதிவேட்டு எண்ணைப் போடச் சொன்னதும் நான்தான், சீட்டை எடுத்ததும் நான்தான், வகுப்புல அந்தப் பிள்ளையை நிக்க வச்சுக் கேட்டதும் நான்தான். அவ என் பேரைச் சொல்லியிருக்கணும். சொல்லல."

இன்னும் என்னென்னவோ பேசியிருக்கிறேன். உட்காருங்க டீச்சர் என்று தலைமை ஆசிரியர் மூன்று முறை சொன்னாராம்.

நான் எழுந்து நின்றதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆய்வு நேர்மையானது, ஆனால் முடியவில்லை, உடைந்ததைச் சரி செய்து மறுபடி நடத்திக் காட்ட வேண்டும், அதுவரை நிரந்தரம் தள்ளிவைக்கப்படுகிறது என்று எழுதிவிட்டுப் போனார் பேராசிரியை. இன்னொரு வருடம் தற்காலிகம். என் வாய்க்கு அவள் கட்டிய அபராதம் அது. மன்னிப்புக் கேட்கப் போனேன். "என்கிட்ட எதுக்குக்கா?" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டுகளுக்குப் புது எண் குலுக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் எட்டாம் வகுப்புக்குப் போனேன். சாக்பீஸ் எடுக்கவில்லை. இருபத்து மூன்று என்று கூப்பிடவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் எழுந்தாள். நீ உட்காரும்மா, இன்றைக்கு நான் நிற்கிறேன் என்றேன்.

"உன் நோட்டைப் படிக்க எனக்கு உரிமை இல்ல. படிச்சேன். படிச்சதை எல்லார் முன்னாடியும் சொல்லி உன்னை அசிங்கப்படுத்தினேன். நோட்டு டீச்சர் சொல்லல, நான் திருடினேன். நீ எழுதினது அத்தனையும் உண்மை. என்னை மன்னிச்சிடும்மா."

அவள் தலையாட்டினாள்.

என் வாய் அடுத்த வாக்கியத்துக்குத் தயாராகிவிட்டது. சரி, புத்தகத்தை எடுங்க என்று சொல்லப்போனேன். அப்போதுதான் அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரிந்தது. இரண்டு முறை கீழே, ஒரு முறை மேலே, கண் மேசையில். அதே தலையாட்டல்தான். நான் அடுத்த ஆளுக்குப் போய்விடுவதற்காக ஆட்டுவது.

போகவில்லை. அங்கேயே நின்றேன்.

"தலையாட்ட வேண்டாம். மன்னிச்சியா, இல்லையா? இல்லன்னாலும் சொல்லலாம். ஒண்ணும் செய்யமாட்டேன்."

பெஞ்ச் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல டீச்சர்."

ஆசிரியர் அறைக்கு வந்து நாற்காலியில் விழுந்தேன். அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது. நோட்டு டீச்சர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

"என்ன சொன்னா?"

சொன்னேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "மூணு வார்த்தை. கேள்வி இல்லதான், ஆனா தலையாட்டாம வந்தது" என்றாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, சுவரில் மறுபடி ஒட்டியிருந்த வரைபடத்தில் ஏழாவது வாரம் என்று எழுதிக் காலியாக விட்டிருந்த கட்டத்தில் மூன்று என்று போட்டாள்.